நான்கு வீட்டுக்கு ஒரே சுவர்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். ஜில்லா ஆபீசிலிருந்து ஆடிட்டுக்கு வந்த மேடம். எங்கள் பக்கத்து அரசாங்க வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியர். அவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்த எங்கள் ஊர் டிரைவர். அவருடைய சம்சாரம், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில் பிறந்த அக்கா. பக்கத்து வீட்டு மதினி. உள்ளே கட்டிலில் படுத்திருந்த மதினியின் வீட்டுக்காரர். எட்டாவது ஆள் நான். பஞ்சாயத்துச் செயலரும் வருவதாகச் சொல்லியிருந்தார். வயிற்றுவலி என்று கடைசியில் வரவில்லை. அதனால் அவரைச் சேர்க்கவில்லை.

இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு நான் பேசியதைப் பற்றிப் பிற்பாடு ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அங்கே இல்லாதவர்கள்தான் அதிகமாகச் சொன்னார்கள்.

கொடைக்கானலிலிருந்து போளூர்ப் பக்கம் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து கீழே இறங்கினால் எங்கள் குடியிருப்பு. ஜீப் பாதி வழிதான் வரும். மீதி தூரம் தலைச்சுமை. அரசாங்க வீடு எங்கள் நான்கு பேருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. மதினி, அக்கா, நான், தங்கச்சி. வீட்டைப் பெண்கள் பெயரில்தான் எழுதினார்கள். பணத்தை மொத்தமாகக் கையில் கொடுப்பதில்லை. அடித்தளம் எழும்பினால் ஒரு பில், சுவர் ஜன்னலுக்கு மேல் வந்தால் ஒரு பில், கான்கிரீட் கூரை போட்டால் ஒரு பில், பூச்சு முடிந்தால் கடைசி பில். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரி வீட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஓவர்சியர் செல்போனில் படம் எடுத்து அனுப்புவார். அதற்குப் பிறகுதான் அவரவர் பாங்கிக் கணக்கில் பணம் விழும்.

அடித்தளத்துக்கு வேண்டிய கல் எங்கள் நிலத்திலேயே கிடந்தது. நான்கு பேரும் போட்டுவிட்டோம். முதல் பில் வந்தது. அதோடு நின்றோம். சமவெளியில் இருக்கிறவர்களுக்கு ஒரு லோடு மணல் என்றால் ஒரு லோடு மணல்தான். எங்களுக்கு அது லாரியில் கொடைக்கானல் வரைக்கும் வந்து, அங்கிருந்து ஜீப்பில் மாறி, ரோடு முடிகிற இடத்தில் கொட்டி, அங்கிருந்து எங்கள் தலையில் ஏறி வர வேண்டும். வந்து சேருகையில் மணலை விடக் கூலி பெரிதாகிவிடும். கையில் இருந்த பணத்துக்கு நான்கு வீட்டிலும் இடுப்பு உயரத்துக்குச் சுவர் வைக்கலாம். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. ஐப்பசி மழை அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

அப்போதுதான் அக்கா சொன்னாள். "பூண்டு எடுக்கிற மாதிரி எடுத்தா என்ன?"

எங்கள் பக்கம் வருஷத்துக்கு இரண்டு போகம் பூண்டு. எடுக்கும்போது மாத்தாள் வைத்துக்கொள்வோம். இன்றைக்கு எல்லோரும் உன் காட்டில் இறங்கி முடிப்போம், நாளைக்கு எல்லோரும் என் காட்டில். கூலி கிடையாது. முந்தி முடித்தவள் தன் வேலை தீர்ந்தது என்று வீட்டில் உட்கார்ந்த கதை எங்கள் ஊரில் இல்லை. அதே மாதிரி நான்கு பேர் பணத்தையும் ஒன்றாகப் போட்டு ஒரு வீட்டை முழுசாகத் தூக்குவது, பிறகு அடுத்த வீடு, பிறகு அடுத்தது.

முதல் வீடு யாருக்கு என்று பேசவே இல்லை. மதினியின் வீட்டுக்காரர் பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தார். அவர்கள் இருந்த குடிசையில் மழை பெய்தால் கட்டிலை மூலைக்கு மூலை இழுக்க வேண்டும். இரண்டாவது அக்காவுக்கு, அவள் வீட்டு மண்சுவர் ஒரு பக்கம் ஏற்கெனவே சரிந்திருந்தது. மூன்றாவது எனக்கு. நான்காவது டிரைவர் வீட்டுக்கு. அவர்தான் மணல் ஏற்ற ஜீப்பைப் பாதி வாடகைக்கு ஓட்டினார்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். சின்ன வயதிலிருந்தே அரசாங்க முத்திரை உள்ள எதையும் கையில் வாங்கத் தயங்குவேன். கரண்டு பில்லைக்கூட இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன். "அவங்கவங்க பேருக்கு வந்த பணத்தை இன்னொருத்தி வீட்டுல போடலாமா?" என்று கேட்டேன்.

"நம்ம காசுதான், நம்மதான் போடுறோம்" என்றார் டிரைவர். "நீங்க ரொம்ப யோசிச்சா மழை நிக்கப் போகுதா?"

மதினி வீட்டுச் சுவர் வெரசாக எழும்பியது. அதோடு நான்கு பேர் பணமும் தீர்ந்தது. இரண்டாவது பில் வந்தால்தான் கூரை. அது மதினிக்கு மட்டும் வந்தால் போதாது, எல்லோருக்கும் வர வேண்டும். ஆனால் மற்ற மூன்று பேருடைய மனையிலும் அடித்தளத்துக்கு மேல் புல்தான் முளைத்திருந்தது.

ஓவர்சியர் வந்து பார்த்தார். கல்யாணமாகாத பையன், கீழே வத்தலக்குண்டுப் பக்கம் ஊர். எங்களிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நான்கு மனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது தப்புக்கா" என்றார்.

"தப்புத்தான் தம்பி" என்றாள் அக்கா. "இந்தா கருக்கிட்டு வருதே மழை, அது மட்டும் சரியாக்கும்?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் ஒரு தார்ப்பாயைக் கட்டி மதினி அவள் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து போட்டிருந்தாள். அவர் படுத்தபடியே, "வாங்க சார், புது வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டார். கிண்டலா, பெருமையா என்று அவர் குரலில் கண்டுபிடிக்க முடியாது.

ஓவர்சியர் செல்போனை எடுத்தார். "ரெண்டு மாசத்துல நாலு சுவரும் நிக்கணும். நின்னா யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றார். எங்கள் மனைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன, டவரும் சரியாகக் கிடைக்காது. எந்த இடத்தில் எடுத்தது என்று செல்போன் படத்தில் போடுகிற இடக்குறி நான்குக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்படியாக நான்கு பேரும் மதினி வீட்டுச் சுவருக்கு முன்னால் ஒவ்வொருவராக நின்றோம். ஒருத்திக்கு வாசல் பக்கம், ஒருத்திக்கு ஜன்னல் பக்கம், ஒருத்திக்குப் பக்கச் சுவர், ஒருத்திக்குப் பின்பக்கம். ஹாலோ பிளாக் சுவரில் என்ன அடையாளம் இருக்கிறது?

ஆனால் அன்றைக்கு நல்ல குளிர். அரசாங்கத்துக்குப் போகிற படத்தில் கிழிந்த ஸ்வெட்டரோடு நிற்க யாருக்கும் மனசில்லை. அக்காவிடம் ஒரு நல்ல ஸ்வெட்டர் இருந்தது. நாயுடுபுரத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தபோது அந்த வீட்டம்மா கொடுத்தது. மெரூன் கலர், பெரிய வெள்ளைப் பொத்தான்கள், ஒன்று மட்டும் விழுந்து அந்த இடத்தில் கறுப்புப் பொத்தான். மதினி போட்டு நின்றாள். கழற்றி என்னிடம் கொடுத்தாள். நான் போட்டு நின்றேன். என்னிடமிருந்து தங்கச்சிக்குப் போனது. கடைசியில் அக்காவே போட்டுக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு ஆயிரம் பயம் இருந்தது. அந்த ஸ்வெட்டரைப் பற்றி மட்டும் ஒரு பயமும் வரவில்லை.

பணம் வந்தது. மதினி வீட்டுக்குக் கூரை போட்டோம். அக்கா வீட்டுச் சுவர் எழும்பியது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, ரோடு ஒரு இடத்தில் சரிந்தது, ஜீப் வரவில்லை. ஓவர்சியர் சொன்ன இரண்டு மாசம் போய், அதற்கு மேலும் போய்விட்டது. என் மனையில் அடித்தளம் அடித்தளமாகவே கிடந்தது. நாங்கள் தகர ஷெட்டில் இருந்தோம். என் மகள் கொடைக்கானலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவு விட்டால் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்பாள். ஏன் என்று கேட்டதில்லை. பனி பெய்கிற மாசத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே படுத்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது என் முறை. ரோடு சரியானதும் என் வீடு என்று முடிவாகியிருந்தது. அந்த நேரத்தில்தான் மேடம் வந்தார்.

மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். மூச்சு வாங்க இறங்கி வந்து மதினி வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தார். கொண்டுவந்த மடிக்கணினியைத் திறந்து, "நாலு பேரும் இங்க வாங்கம்மா" என்றார். திரையில் எங்கள் நான்கு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் சுவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இந்த ஸ்வெட்டர் யாரோடது?"

கொடியில் அந்த ஸ்வெட்டரே காய்ந்துகொண்டிருந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டார். கட்டிலில் இருந்தவர்தான் முதலில் சிரித்தார். "ஏலே, போட்டோ எடுக்குறப்பவே சொன்னேன்ல, ஆளுக்கு ஒரு சட்டை போடுங்கன்னு."

"நீங்க எங்க சொன்னீங்க? தூங்கிக்கிட்டுல்ல கெடந்தீங்க" என்றாள் மதினி.

மேடமும் சிரித்துவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் போய்விட்டது. "அம்மா, இது விளையாட்டு இல்ல. கட்டாத வீட்டுக்குப் பணம் போயிருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க வீடு எங்க? வாங்க, காட்டுங்க" என்று எழுந்தார்.

என்னோடு அவர் மட்டும் வந்தார். என் அடித்தளத்தில் புல்லைக் காலால் விலக்கினேன், ஏதோ அதற்குக் கீழே சுவர் ஒளிந்திருக்கிற மாதிரி. அவர் தகர ஷெட்டைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. ஓவர்சியர் நிக்கச் சொன்னாரு, நீங்க விவரம் தெரியாம நின்னீங்க. அப்படித்தானே நடந்தது? அதை எழுதிக் கொடுத்தீங்கன்னா உங்க மேல தப்பு வராது. பணத்தைத் திருப்பிக் கேக்க மாட்டாங்க. விசாரணை அவரு மேல போகும். உங்க வீடு கட்டுறதுக்கு வேற வழி பண்ணலாம்."

"வேற மாதிரி சொன்னா?"

"நீங்களும் சேர்ந்துதான் செஞ்சீங்கன்னு ஆகும். வாங்குன பணத்தை ரெகவரி பண்ணச் சொல்வாங்க. அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் அடுத்த பில் கிடையாது."

அவர் எனக்கு நல்லதைத்தான் செய்தார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் சொன்னதில் பொய்யும் பெரிதாக இல்லை. ஓவர்சியர் நிற்கச் சொன்னார், நாங்கள் நின்றோம். முன்னால் நடந்ததைச் சொல்லாமல் அங்கிருந்து ஆரம்பித்தால் போதும். எனக்கு வீடு.

ஓவர்சியர் கொஞ்சம் தள்ளிப் பாதையோரத்தில் நின்று ஒரு குச்சியால் ஷூவில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் திரும்பி ஒரு தடவை கெஞ்சுவது போலப் பார்த்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. பயந்த மனசுக்கு எதிரில் யார் கெஞ்சினாலும் அதுவும் ஒரு பயம்தான்.

பேசத் தொடங்கினேன். பயந்தால் எனக்கு வாய் அடைக்காது, திறந்துகொள்ளும். பூண்டுக் காட்டிலிருந்து ஆரம்பித்தேன். மாத்தாள் என்றால் என்ன, மணல் எப்படி வருகிறது, மதினி வீட்டுக்காரர் எந்த மரத்திலிருந்து விழுந்தார், யார் வீடு எந்த முறையில் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஓவர்சியர் முதலில் தப்பு என்று சொன்னதையும், நாங்கள்தான் மழையைக் காட்டிப் பேசியதையும் சொன்னேன். மேடம் நிறுத்தச் சொல்லவில்லை. நின்றபடியே எழுதிக்கொண்டார். முடிந்ததும் படித்துக் காட்டினார். கேட்கும்போது வேறு யாரோ செய்த காரியம் மாதிரி இருந்தது.

"கையெழுத்தா, ரேகையா?"

"கையெழுத்து மேடம்."

போட்டேன். என் பெயரே கோணலாக வந்தது.

"உங்களுக்கு ஒரு வழி காட்டுனேனேம்மா" என்றார்.

"காட்டுனீங்க மேடம்."

"அப்புறம் ஏன்?"

"அவங்க வீட்டுக்குள்ள என் பணமும் இருக்கு மேடம். தெரியாமப் போச்சுன்னு சொன்னா, அது என்னமோ திருட்டுப்போன மாதிரி ஆயிரும்" என்றேன். அவர் பேனாவை மூடினார். "உங்க முறையில தப்பு சொல்ல மாட்டேன். ஆனா நாலு வீட்டுக்கு நாலு கணக்கு. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் போக எங்ககிட்ட இடம் இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மதினி வீட்டுக்குத் திரும்பி வந்தபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னதைச் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டி, அந்தம்மா பாவம் பாத்து ஒரு வழியக் காட்டுச்சு, நீ பொறந்த கதையில இருந்து சொல்லிட்டு வந்திருக்க. தோட்டத்து லயத்துல எங்க அப்பாவும் இப்பிடித்தான். தொரை ஒண்ணு கேட்டா ஒம்போது சொல்லுவாரு. அதான் கடைசி வரைக்கும் கொழுந்து கூடையோடயே இருந்தாரு." திட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிரைவர் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் எழுதிக் கொடுத்தது என்னோடு நிற்காது. அவர் வீட்டம்மா கணக்கும் அதே நிலையில்தான் இருந்தது. அக்காவின் சுவர் தாமதமாக என்றாலும் எழும்பிவிட்டது, அதனால் அவளை விட்டுவிடுவார்கள். மாட்டியது நானும் தங்கச்சியும். "உங்களுக்கு நல்லவங்கன்னு பேரு வேணும். எங்களுக்கு வீடு வேணும்" என்று மட்டும் சொன்னார். மேடத்தையும் ஓவர்சியரையும் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் கொடைக்கானலுக்கு அவர் ஜீப்பில் போனேன். எப்போதும் என்னிடம் வண்டிக் கூலி வாங்க மாட்டார். அன்றைக்குக் கையை நீட்டி வாங்கினார். கொடுத்தேன்.

உத்தரவு வர நாள் ஆனது. அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை. போலீஸ் வருமா, பாங்கிக் கணக்கை மூடுவார்களா, மகள் படிப்புக்கு ஏதாவது ஆகுமா என்று ஒவ்வொன்றாக நினைத்து, என் வீட்டுக்காரரை எழுப்பிக் கேட்பேன். "ஒண்ணும் ஆகாது, படு" என்பார். அவருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். வந்தது இதுதான்: மேடம் நாங்கள் செய்ததை மோசடி என்று எழுதவில்லை. வேலைக்கு முந்திக் கொடுத்த பணம் என்று எழுதியிருந்தார். என் பெயரிலும் தங்கச்சி பெயரிலும் இரண்டாவது பில்லைத் திருப்பிக் கட்ட வேண்டும், தவணையாகக் கட்டலாம். ஓவர்சியரைத் தாண்டிக்குடிப் பக்கம் மாற்றி, சம்பள உயர்வை ஒரு வருஷத்துக்கு நிறுத்தினார்கள். வேலை போகவில்லை.

அவர் ஒரு தடவை போன் செய்தார். "இங்கயும் நாலு நாலு பேராத்தான் வர்றாங்கக்கா. தனித்தனியா நில்லுங்கன்னு விரட்டுறேன்" என்றார். பிறகு, "உங்க வீடு எந்திரிச்சிருச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நான் ஏதாச்சும்..." என்று இழுத்தார். "நீங்க உங்க சோலியைப் பாருங்க தம்பி, இது நாங்க பாத்துக்கிறோம்" என்று வைத்துவிட்டேன்.

அந்தப் போகத்துப் பூண்டு எடுத்து முடித்த அன்று மதினி வீட்டுக் கூரைக்குக் கீழே நான்கு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்தோம். மதினிக்கும் அக்காவுக்கும் பாக்கி எதுவும் கிடையாது. அவர்கள் எழுந்து போயிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது. அக்கா முதலில் தன் பூண்டுப் பணத்திலிருந்து எடுத்து வைத்தாள். மதினி இரண்டு ஆட்டை விற்றிருந்தாள். டிரைவர் யாரையும் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். நானும் வைத்தேன்.

இரண்டு பாக்கியிலும் பாதிப் பாதியாகக் கட்டலாம் என்று நான் சொன்னேன். அதுதான் சரி என்று எனக்குப் பட்டது. இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பயம் குறையும்.

"அப்படிச் செஞ்சா ரெண்டும் முடியாம இழுத்துக்கிட்டே கெடக்கும்" என்றார் கட்டிலில் இருந்தவர். "ஒண்ண முடிச்சா அந்த வீட்டுக்காவது அடுத்த பில் வரும்ல."

எந்த ஒன்று என்று அவர் சொல்லவில்லை. தங்கச்சி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆறாம் மாசம். முறைப்படி மூன்றாவது நான். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். டிரைவர்கூட. நான் அவள் வயிற்றைப் பார்த்தேன், பிறகு நடுவில் கிடந்த பணத்தைப் பார்த்தேன்.

"தங்கச்சி பேருல கட்டுங்க" என்றேன்.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு பணத்தைச் சேர்த்து அடுக்கினார். வெளியே வரும்போது என் பக்கம் வந்து, "நாளைக்கு வெள்ளனே கொடைக்கானல் போறேன். ஏதாச்சும் வாங்கணும்னா சொல்லுங்க" என்றார். கூலியைப் பற்றிப் பேச்சில்லை.

தங்கச்சி பாக்கி அடுத்த போகத்துப் பூண்டோடு தீர்ந்தது. சுவர் எழும்பி, அடுத்த பில்லும் வந்து, இப்போது அவள் வீட்டில் கூரை போட்டாகிவிட்டது. பிள்ளை அங்கேதான் தவழ்கிறது. அக்கா வீட்டில் பூச்சு நடக்கிறது. இந்தப் போகத்துப் பூண்டிலிருந்து என் பெயருக்குக் கட்டத் தொடங்கியிருக்கிறோம். நான்கு வீட்டிலும் எடுத்து வைத்ததைச் சேர்த்து, போன வாரம் பாங்கியில் கட்டிவிட்டு வந்தோம். ரசீதை வாங்கி இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பாக்கி நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.